காதில் சொல்ல ஒருவர்

மோட்டார் வந்து வாசலில் நின்ற சத்தம் கேட்டதும், ஞானம்மாள் போய்விட்டாள் என்று சொல்லத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்தேன். மீன்காரி ஞானம்மாள் சில நாளாகவே சாந்தோம் குப்பத்தில் காய்ச்சலில் கிடந்தாள். இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். டிரைவர் மாணிக்கம் வண்டியை விட்டு இறங்காமல் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"கிழவிக்கு எப்போடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"கெழவி கீது வாத்தியாரே. மொதலாளிதான் பூட்டாரு."

எனக்கு அது உடனே மண்டையில் ஏறவில்லை. எந்த முதலாளி என்று கேட்டேன். அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது. சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார். தியாகராய நகரிலுள்ள தம் மாடி வீட்டில் அல்ல, ஆஸ்பத்திரியிலும் அல்ல. குப்பத்தில், ஞானம்மாளின் குடிசையில், அவள் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில்.

அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களில் பலர் அவர் எழுப்பிய சுவருக்குள் தூங்குகிறவர்கள், அவர் கொடுத்த வேலையில் சாப்பிடுகிறவர்கள். பத்திரிகையில் 'கட்டட காண்டிராக்டர், கொடையாளி' என்று போட்டிருந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் கடைசி இரண்டு மூன்று வருஷங்களாக அவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டது வேறு. "பயந்தாங்கொள்ளி ஆவணும்னு பாக்கறேன் வாத்தியாரே, வரமாட்டேங்குது" என்பார். ஒரு விருந்தில் இதைச் சொன்னபோது எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

வெளியார் யாராவது படிக்க நேரலாம் என்பதால் நம் சபையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நல்ல மரணத்துக்காக ஜெபிக்கிற சபை அது. பெயர் பெரிது, வேலை சின்னது. சபையைச் சேர்ந்த யாராவது சாகக் கிடந்தால் கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மணியைக் கேட்டவன் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பாயருகே முழந்தாளிட்டு, சாகிறவருடைய காதில் "சேசு, மரி, சூசை" என்று அந்தத் திருக்குடும்பத்தின் மூன்று பெயர்களையும் மூச்சு நிற்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் அடுத்தவர் சொல்வார். மற்ற இடங்களில் இது சொந்தக்காரர்கள் செய்கிற காரியம். நம் குப்பத்தில் சொந்தக்காரர்கள் அழுவார்கள், காதில் சொல்வது மற்றவர்களின் கடமை. காரணம் கடல்தான். கடலில் போகிறவனுக்குக் காதில் சொல்ல ஆள் கிடையாது. கரையில் சாகிறவன் ஒருவனாவது அப்படிப் போகக் கூடாது என்று முன்னோர்கள் வைத்துவிட்டார்கள்.

சவரியண்ணனின் தகப்பனார் அப்படிக் கடலில் போனவர். கட்டுமரம் கரை ஒதுங்கியது, ஆள் ஒதுங்கவில்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒரே ஒரு முறை, கல்லறைத் திருநாளன்று எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஏற்றுவதற்குத் தகப்பனாருக்குக் கல்லறை இல்லாததால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் என் பக்கம் திரும்பி, "எங்க நைனா காதுல தண்ணிதான் பூந்துச்சு, சாமி பேரு பூரல" என்றார். அவருடைய பயத்துக்கெல்லாம் வேர் அங்கேதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

நான் அவரை முதலில் பார்த்ததே ஒரு சாவு வீட்டில்தான். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தேன். மணிச்சத்தம் கேட்டு, புது ஆள் போகாவிட்டால் நன்றாயிருக்காதே என்று போனேன். சாப்பாட்டில் கை வைத்திருந்த நேரம் போலிருக்கிறது, வலது கையில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருக்க ஒருவர் ஓடி வந்து முழந்தாளிட்டார். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வேறு யாருக்கும் இடம் விடவில்லை. அவர் சொன்னதில் ராகமும் கிடையாது, பக்தி வடிகிற குரலும் கிடையாது. நிஜமாகவே யாரையோ கூப்பிட்டார், வராவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து கூப்பிட்டார். வெளியே வந்தபோதுதான் அந்தக் கையைக் கழுவினார். இத்தனை பயம் எதற்கு என்று கேட்டேன். பள்ளிக்கூடத்து ஆள் என்பதால் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "பயப்படாம எப்டி வாத்தியாரே கூப்புடறது?"

அதன் பிறகு மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று புது நகரம் போடும் வேலை வந்தது. சவரியண்ணன் முதலில் மணல் வண்டி ஓட்டினார், பிறகு வண்டிகள் வைத்தார், பிறகு செங்கல் சூளை, பிறகு கட்டடங்கள். உழைப்பு, நாணயம், நல்ல நேரம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. குப்பத்துப் பையன்களில் பாதிப்பேரைக் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் ஆக்கினார். சபையில் கொஞ்சம் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களை மரக்கடை, இரும்புக்கடை என்று உட்கார வைத்தார். எனக்கும் தியாகராய நகரிலேயே ஒரு சின்ன வீட்டை நின்று கட்டிக் கொடுத்தார். அடுத்த கோடையில் மின்சார விசிறியும் அவரே வாங்கி மாட்டினார்.

பணம் வந்து அவர் கெட்டுப்போனார் என்று எவனும் சொல்ல முடியாது. குடி கிடையாது, வேறு கெட்ட பழக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவற விட்டதில்லை, கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அதனால்தான் இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. கெட்டுப்போனவன் கதை என்றால் படித்துவிட்டு நாம் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

அவர் புது வீட்டில் குடியேறிய பிறகு வந்த ஒரு ஐப்பசி மழை ஞாபகத்துக்கு வருகிறது. ஏரி தன் இடத்தைத் தேடிக்கொண்டு திரும்பி வந்ததுபோல் தெருவெல்லாம் தண்ணீர். நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர் வீட்டில் போய் ஒதுங்கினேன். தண்ணீர் அவர் வீட்டுப் படிகளில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் மனைவி பிலோமினா அக்கா தேவமாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு, ஜெபமாலை சொல்ல எல்லாரையும் கூப்பிட்டார். அண்ணன் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னாத்துக்கு இந்தப் பதட்டம்? அஸ்திவாரம் நான் போட்டது. ஆள் ஒசரத்துக்குக் கருங்கல்லு கீது. தண்ணி படியாண்ட வந்து பாத்துட்டுப் பூடும்."

அவர் சொன்னபடியே தண்ணீர் மேல்படிக்குக் கீழே நின்றது, மறுநாள் வடிந்துவிட்டது. அன்று ஜெபமாலை சொல்லவில்லை. மறுநாள் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. குப்பத்தில் இருந்தவரை ஒரு மாலைகூடத் தவறாத அந்த வழக்கம் அந்த வீட்டில் எப்போது நின்றது என்று பிலோமினா அக்காவைக் கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. யாரும் நிறுத்தவில்லை. கிராமபோன் வந்தது, மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பியானோ வாத்தியார் வந்தார். என் வீட்டிலும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் நின்றது. எங்கள் வீட்டில் பியானோகூட இல்லை.

சபையின் மணி தியாகராய நகருக்குக் கேட்காது. முதலில் அண்ணன் தம் மோட்டாரைக் குப்பத்துக்கு அனுப்பி வைப்பார். மணி அடித்தால் மாணிக்கம் வந்து எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போவான். கொஞ்ச காலம் அப்படி நடந்தது. பிறகு ஒருநாள் மழை, ஒருநாள் கல்யாணம், ஒருநாள் கட்டட வேலையில் தளம் போடுகிற நாள். அப்போது ஒருநாள் சவரியண்ணன்தான் சொன்னார்: "ஞானம்மாவப் போவச் சொல்லு. அது நம்ம எல்லார விடவும் நல்லா சொல்லும்."

அதுவும் உண்மைதான். ஞானம்மாள் காலையில் கூடையோடு அடையாறு வரைக்கும் போய் பங்களாக்களில் மீன் விற்பவள். குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் கதவு திறக்கும். அவளுக்கு இதில் சந்தோஷம்தான். அரிசியும் வெற்றிலை பாக்கும் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. "நீங்க துன்னுட்டு நிம்மதியாத் தூங்குங்க நைனா. சாவறவன நான் பாத்துக்கறேன்" என்று எங்கள் எல்லாரையும் கேலி செய்வாள். நாங்களும் சிரிப்போம். சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போட்டோம்: வர இயலாத உறுப்பினர் தம் சார்பில் ஆள் அனுப்பலாம். கட்டடத்துக்கு ஆள், கடைக்கு ஆள், தோட்டத்துக்கு ஆள் என்று அனுப்பிப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகவே படவில்லை. தீர்மானத்தை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான்.

அதே வருஷங்களில் சபை என்றுமில்லாதபடி செழித்தது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டுக்கொடி வந்தது, வெள்ளிச் சிலுவை வந்தது, திருநாளுக்கு பாண்டு வாத்தியம் வந்தது. சாகக் கிடப்பவர்களுக்கு டாக்டரை அனுப்பினோம், ஐஸ் அனுப்பினோம், நல்ல தேக்கில் சவப்பெட்டி செய்து கொடுத்தோம். பழைய நாளில் இதில் ஒன்றும் கிடையாது. நாம் முன்னேறிவிட்டோம் என்று ஆண்டுக்கூட்டத்தில் நான் பேசினேன். கை தட்டினீர்கள்.

பிறகு லாசர் செத்தான். லாசரும் சவரியண்ணனும் வாலிபத்தில் ஒரே கட்டுமரத்தில் துடுப்புப் போட்டவர்கள். லாசர் கடைசிவரை கடலை விடவில்லை. நெஞ்சுச் சளி கட்டி விழுந்தான். அண்ணன் அவனுக்குச் செய்யாதது எதுவுமில்லை. மயிலாப்பூரிலிருந்து பெரிய டாக்டர் போனார், மரத்தூளில் பொதிந்த ஐஸ் கட்டி தினமும் போயிற்று. லாசருக்கு முற்றிய அன்று அண்ணனின் பேரனுக்கு ஞானஸ்நான விருந்து. சபையே தியாகராய நகரில் இருந்தது. நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, குப்பத்தில் மணி அடித்தாயிற்று என்று ஆள் வந்து சொன்னான்.

"ஞானம்மாக்கு சொல்லியாச்சா?" என்று அண்ணன் கேட்டார்.

"சொல்லி வுட்டுக்கீது."

பிரியாணி பரிமாறினார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து லாசரின் மனைவி அண்ணன் வீட்டுக்கு வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். குறை சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம். அவள் நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"டாக்டரு அனுப்சீங்கோ, ஐஸ் அனுப்சீங்கோ. ஒரு கொறையும் இல்ல. எங்க சனத்துல இந்த மாரி யாருக்கு நடந்துச்சு?"

"ஞானம்மா வந்துச்சா?"

"வந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்பறம் வந்துச்சு. அடையாத்துல மீன் வித்துக்கினு இருந்துச்சாம். அது இன்னா பண்ணும், பாவம்."

"அப்ப யாரு காதுல சொன்னது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "யாரும் சொல்லல. நாங்க அழுதுகினு இருந்தோம். அவரு வாசலையே பாத்துக்கினு இருந்தாரு. மணி அட்ச்சிட்டாங்க, சவரி வந்துகினு இருப்பான், அவன் வந்துடுவான்னு சொல்லிக்கினே இருந்தாரு. அப்பால பேச்சு வரல. கண்ணு மட்டும் வாசலாண்டயே நின்னுச்சு. மூடறதுக்குத்தான் கஷ்டமாப் பூட்ச்சு." பிறகு மறுபடியும், "ஐஸுதான் அவருக்கு ரொம்ப சொகமா இருந்துச்சு" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

அவள் போன பிறகு அண்ணன் காபி கொண்டுவரச் சொன்னார். குடித்தோம். தளத்துக்கு வேண்டிய கம்பியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு காலையில், விடிந்தும் விடியாததுமாக அவர் என் வீட்டுக்கு நடந்து வந்தார். மோட்டார் இல்லாமல் அவர் வந்தது எனக்கு ஆச்சரியம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவ சொல்லிட்டுப் போனா இல்ல, அன்னிக்கு நான் காபி குட்ச்சேன். நல்லா இருந்துச்சு. அப்பால போய்த் தூங்கனேன். அதுவும் நல்லா இருந்துச்சு. லாசரு அப்டி செத்ததுக்கு எனக்கு ஒண்ணும் பண்ல வாத்தியாரே. உள்ளாற கைய வுட்டுத் தேடிப் பாக்கறேன், ஒண்ணும் தட்டுப்படல."

"பயமாக இருக்கிறதா அண்ணே?" என்றேன்.

"பயமும் வரல. வரணுமேன்னு மட்டும் தோணுது."

அவர் அதைச் சொன்ன குரலை என்னால் எழுத முடியவில்லை. சீக்காளி, வலி தெரியாமல் போய்விட்டது என்று டாக்டரிடம் சொல்கிற குரல் அது. அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு என்னையே சோதித்துப் பார்த்தேன். லாசர் என் வீட்டுக் குழம்புக்கென்று எத்தனையோ தடவை வஞ்சிரம் கொண்டுவந்து போட்டவன். என்னிடமும் ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த நிமிஷம் மட்டும் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவர் என்னைவிட நேர்மையானவர். நான் அதைச் சீக்கிரம் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

முதலில் பங்குக் கோவில் சாமியாரிடம் போனார். சாமியார் நல்லவர், கோவிலுக்குப் புதுத் தளம் போட்டுக் கொடுத்தவரிடம் அன்பாகப் பேசினார். இவ்வளவு தர்மம் செய்கிறவன் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளலாமா, நிம்மதியாகப் போ என்று சொல்லி அனுப்பினாராம். அண்ணன் வெளியே வந்து என்னிடம், "இவரும் என்னத் தட்டித்தட்டித் தூங்க வெக்கிறாரு" என்றார்.

பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கடலுக்குப் போனால் பயம் திரும்பி வரும் என்று நினைத்தார். நம் ஆட்களில் அலை உடையும் இடத்தைத் தாண்டும்வரை எவனும் வேறு பேச்சுப் பேசமாட்டான், ஜெபம்தான் வாயில் இருக்கும். அந்த இடத்தில் எத்தனை தைரியசாலியும் பயப்படுவான். அங்கே போய் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார். எவ்வளவு தடுத்தும் கேட்காமல் ஒரு விடியற்காலையில் கிளம்பினார். நான் கரையில் நின்றேன்.

அங்கே நடந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். முதலாளி வருகிறார் என்று குப்பத்தில் தெரிந்துவிட்டது. இருப்பதிலேயே பெரிய மரத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். அவர் உட்கார மடித்த ஜமக்காளம் போட்டிருந்தார்கள். துடுப்புக்கு இரண்டு பேர் போதும், நாலு பேர் ஏறிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் துணைக்கு இரண்டு மரங்கள். வெயில் வந்தால் பிடிக்க ஒருவன் குடைகூட எடுத்துக்கொண்டான். கடலும் அன்று குளம் மாதிரி கிடந்தது. போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். கரையில் இறங்கும்போது அவர் கால் நனையக் கூடாதென்று தூக்கிக்கொண்டு வந்து மணலில் விட்டார்கள்.

"என்ன அண்ணே, வந்ததா?" என்று கேட்டேன்.

"எங்க வரும்? எங்க போனாலும் ஜமக்காளம் போட்டுடறானுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். மணலில் நின்றுகொண்டு கடலைப் பார்த்தார். "மூணு பேரையும் சொன்னேன் வாத்தியாரே. வாய் நல்லாத்தான் சொல்லுச்சு. யாரையும் கூப்புடல."

அதற்குப் பிறகுதான் அவர் குப்பத்தருகே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, பகலெல்லாம் அங்கே போய் உட்கார ஆரம்பித்தார், மணி கேட்பதற்காக. வீட்டிலே பெரிய ரகளை. பிள்ளைகள் அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தார்கள். சபையில் நாமும் என்ன பேசிக்கொண்டோம் என்பது உங்களுக்கே தெரியும், எழுத வேண்டியதில்லை.

முதல் சில சாவுகளில் அவருக்கு அவமானம்தான். முதலாளி வந்திருக்கிறார் என்று நாற்காலி எடுத்துப் போடுவார்கள், கலர் சோடா வாங்க ஆள் ஓடுவான், சாகிறவனை விட்டுவிட்டு எல்லாரும் இவரைக் கவனிப்பார்கள். இவர் பாயருகே போய் முழந்தாளிட்டுச் சொல்ல ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் வீட்டார் தயங்கித் தயங்கி, "ஞானம்மா வருமா நைனா?" என்று கேட்பார்கள். ஞானம்மாள் வந்து உட்காருவாள். இவர் சுவரோரம் நகர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவளும் தன் வாய்த் துடுக்கை விடவில்லை. "நீ ஊட்டுக்குப் போ நைனா. முட்டி வலிக்கும், ஒனுக்குப் பழக்கம் வுட்டுப் பூட்ச்சு" என்பாள். அவர் போகவில்லை. மாதங்கள் போயின.

ஒருநாள் சாயங்காலம் கச்சேரி ரோட்டில் எதிரே வந்தார். யாரோ ஒரு வலைக்காரக் கிழவரின் சாவிலிருந்து வருகிறார். முகம் வெளிறிப்போயிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்ச்சு வாத்தியாரே."

"எது?"

"பயம். அந்தாளு என் கையப் பிட்ச்சிகினு வுடல. அவரு கண்ணப் பாத்துகினு இருக்கும்போதே, நமக்கும் இந்தப் பாய் உண்டுன்னு திடீர்னு ஏறுச்சு. எனக்கு யாரு வருவா? ஊருக்கெல்லாம் நான் ஆள் அனுப்னேன். எனக்கும் ஆள்தான் வரும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நீ வா. ஆள அனுப்பாத."

வருகிறேன் என்றேன். சுலபமாகச் சொன்னேன்.

அவருக்கு இருதயம் பலவீனம், நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொன்னது இந்த வருஷத் தொடக்கத்தில். அறையைக் காலி செய்ய வைத்தார்கள். வீட்டிலேயே இருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஞானம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். சபையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. டாக்டர் அனுப்பலாம் என்றோம், ஐஸ் அனுப்பலாம் என்றோம், இரண்டும் அனுப்பினோம். அவளுடைய காதில் சொல்ல யாரை அனுப்புவது என்பதில் மட்டும் பேச்சு நின்றுவிட்டது. நாம் அனுப்புகிற ஆளே அவள்தான். வேறு ஆள் நமக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தோம். தாம் போவதாக யாரும் சொல்லவில்லை. அந்த எண்ணமே யாருக்கும் வரவில்லை என்பதுதான் நிஜம்.

அண்ணன் இறந்த அன்று மத்தியானம் ஞானம்மாளுக்காகக் குப்பத்தில் மணி அடித்தது என்பது எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்பது யாருக்கும் தெரியாது, வேலைக்காரர்கள் பேசியது காதில் விழுந்திருக்கலாம். வீட்டார் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார். தியாகராய நகரிலிருந்து சாந்தோம்வரை நடந்தே போயிருக்கிறார். அவரைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு மாணிக்கம் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்கு வராதவர்கள் இல்லை. பட்டுக்கொடி முன்னால் போயிற்று, பாண்டு வாசித்தது, மோட்டார்கள் கோவிலிலிருந்து கடைத்தெரு வரைக்கும் நின்றன. கல்லறையிலிருந்து திரும்பும்போது நாம் எல்லாருமே ஒருவருக்கொருவர் ஒரே ஆறுதலைச் சொல்லிக்கொண்டோம்: நல்ல வேளை, சாகும்போது ஞானம்மாள் பக்கத்தில் இருந்தாள். அவள் சொல்லியிருப்பாள், அவர் பயந்தபடி நடக்கவில்லை. நானும் இதைப் பலருக்குச் சொன்னேன். அவருக்குச் சலவைக்கல்லில் நினைவுப் பலகை வைப்பது என்று அங்கேயே முடிவாயிற்று.

மறுநாள் நான் ஞானம்மாளைப் பார்க்கப் போனேன். காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. ஆனால் இது எண்ணெய் தீர்ந்த விளக்கு, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனின் காதில் அவள் சொன்னாளா என்று கேட்டேன். சொன்னேன் என்று அவள் வாயால் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன்.

"நான் எங்க சொல்றது?" என்றாள். அந்தப் பெரிய குரல் இப்போது கிசுகிசுப்பாகிவிட்டிருந்தது. "எனக்கு நாக்கு ஒட்டிக்கினு கெடந்துச்சு. பொண்ணு தண்ணிக்குப் போயிருந்தா. சவரி நைனாதான் வந்து குந்திகினு என் காதுல சொல்லுச்சு. விடாம சொல்லுச்சு. பயந்து பயந்து சொல்லுச்சு வாத்தியாரே, நான் சாவறதுக்கு அது அவ்ளோ பயந்துச்சு. அப்பால நடுவுல நின்னுபோச்சு. என் பாய் மேலயே சாஞ்சுச்சு. களைச்சுப் போயித் தூங்குதுன்னு நெனச்சேன்."

ஆக, அவர் காதில் யாரும் சொல்லவில்லை. அவர் பயந்ததே நடந்துவிட்டது. நடக்கும்போது அவருக்கு அதைக் கவனிக்க நேரம் இருக்கவில்லை.

"பாதில வுட்டுட்டுப் பூட்ச்சு" என்றாள் ஞானம்மாள். "எனக்கு இன்னும் முடியல. நீ வருவியா?"

வருகிறேன் என்றேன். அண்ணனிடமும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தேன்.

சபையாரே, அவருடைய வீடுகள் பிள்ளைகளுக்குப் போயின. வெள்ளிச் சிலுவையும் கொடியும் கோவிலில் இருக்கின்றன. அவர் பாதியில் விட்ட காரியம் எனக்கு வந்திருக்கிறது, அதோடு அவருடைய பயமும் கொஞ்சம். அந்தப் பயம் என்னிடம் எத்தனை நாள் தங்கும் என்று தெரியவில்லை. முந்தாநாள் இருந்த அளவு நேற்று இல்லை, நேற்று இருந்த அளவு இன்று இல்லை, அதனால்தான் இதை அவசரமாக எழுதுகிறேன். இப்போது மத்தியானம். சாப்பாடு ஆகிவிட்டது. வெளியே நல்ல வெயில், தலைக்கு மேல் விசிறி சுற்றுகிறது, கண்ணைச் செருகுகிறது. கிழவிக்கு எந்த நேரமும் மணி அடிக்கலாம். அடித்தால் எழுந்து போவேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது.